இடது காதில் ஒரு பிடில்

போன வாரம் லிங்கராஜபுரம் பஸ்ஸில் தம்பி மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். மடியில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டி. தலைமேல் வளைந்த கம்பி, அதன் இரண்டு முனையிலும் பஞ்சு. "ஒரு காது எனக்கு, ஒரு காது உங்களுக்கு. கேளுங்க அத்தை" என்று ஒரு பஞ்சை என் இடது காதில் வைத்து அழுத்தினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்பர் ப்ளீஸ்" என்றேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தைக்கு வயசாகிவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். ஆகத்தான் ஆகிவிட்டது. ஆனால் என்னை அப்படிச் சொல்ல வைத்தது வயசு இல்லை, அந்தப் பஞ்சில் இருந்த தலையெண்ணெய் வாசனை.

எங்கள் ஹெட்செட்டிலும் அதே வாசனைதான். யுத்த காலத்தில் கன்டோன்மென்ட் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்கள் ஷிப்டுக்கு ஷிப்டு ஒரே ஹெட்செட்டைத் தலை மாற்றிக்கொண்டோம். ஆஸ்டின் டவுன் தேங்காயெண்ணெய், ரிச்சர்ட்ஸ் டவுன் வாசனைத் தைலம் எல்லாம் அதில் சங்கமம். யார் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்று மோந்தே சொல்லிவிடுவேன். படிப்பில் கெட்டிக்காரி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை, மூக்கில் நான் கெட்டிக்காரி.

வேலை இதுதான். எதிரே பலகை முழுக்கச் சின்னச் சின்ன மூடிகள். யாராவது போனின் கைப்பிடியைச் சுழற்றினால் அவர்கள் நம்பருக்கு மேலுள்ள மூடி டப்பென்று விழும். ஒயரின் பிளக்கை அங்கே செருகி, கீழே சாவி என்று நாங்கள் சொல்லும் சுவிட்சைத் தள்ளி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, வேண்டிய நம்பரில் அடுத்த பிளக்கைச் செருக வேண்டும். ஒரு சாவியை மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்கலாம். இரண்டும் திறந்திருந்தால் இந்த லைனில் பேசுவது அந்த லைனிலும் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

பிலோமினா எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. நீலசந்திராவில் வீடு. அவளும் போன் வேலைதான், ஆனால் ஒரு பெரிய ஹோட்டலில். வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கும் ஹோட்டல். எங்கள் இரண்டு பேருக்கும் பாட்டுப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கப்பன் பார்க்கில் பட்டாளத்து பேண்டு வாசிக்கும்போது புல்தரையில் முதல் ஆட்களாகப் போய் உட்கார்ந்திருப்போம். ராமநவமி வந்தால் பந்தலுக்கு வெளியே ஜட்காவை நிறுத்தச் சொல்லி, உள்ளே நடக்கும் கச்சேரியை ஜட்காவில் இருந்தபடியே கேட்போம். கழுத்தில் ஜெபமாலையோடு பந்தலுக்குள் போக எங்களுக்குக் கூச்சம். உள்ளே இருந்த மாமி ஒருத்தி ஒருநாள் வெளியே வந்து இரண்டு டம்ளர் பானகம் கொடுத்துவிட்டு, "பாட்டுக்கு என்னம்மா ஜாதி, வாங்கோ" என்றாள். போகவில்லை. பானகத்தை மட்டும் குடித்தோம். இப்போது நினைத்தால் போயிருக்கலாம்.

பிலோவின் ஹோட்டலில் சனிக்கிழமை சாயங்காலம் டீயும் டான்ஸும் உண்டு. அவளுடைய போன் அறைக்கும் டான்ஸ் ஹாலுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அந்த பேண்டில் ஒரு கோவாக்காரர் பிடில் வாசிப்பார். கடைசியாக எப்போதும் ஒரே மெட்டு, மெதுவாக, மற்றவர்கள் எல்லாம் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்ட பிறகு அவர் மட்டும். பேர் எங்களுக்குத் தெரியாது. முதல் தடவை கேட்ட மறுநாளே பிலோ பூசைக்கு வந்து, கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கேக்காம நான் மட்டும் கேட்டா எனக்கு எப்படிடி இருக்கும்?" என்றாள்.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமை லைன் பிறந்தது. கடைசி மெட்டு தொடங்கும் சமயம் அவள் எக்ஸ்சேஞ்சுக்கு அடிப்பாள். நான் பிளக்கைச் செருகி, சாவியைத் திறந்து வைப்பேன். அவள் போனை ஜன்னல் வழியே ஹாலுக்குள் நீட்டிப் பிடித்துக்கொள்வாள். அஞ்சு நிமிஷம், கை வலிக்க. எங்கள் சூப்பர்வைசர் அம்மா பின்னால் நடந்து வரும்போது நான் யாருக்கோ நம்பர் தேடுவது போல முகத்தை வைத்துக்கொள்வேன். காதில் மட்டும் பிடில் இழைந்துகொண்டிருக்கும். ஹோட்டலுக்கு இருந்த இரண்டு லைனில் ஒன்று ராணுவத்துக்கு. மற்றது ஊருக்கு. ஊருடைய அந்த ஒரு லைனைத்தான் நாங்கள் அஞ்சு நிமிஷம் களவாடினோம். அஞ்சு நிமிஷத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தோம்.

பிலோவுக்குச் சூசையை நிச்சயம் செய்திருந்தார்கள். பட்டாளத்தில் லாரி டிரைவர். அதிகம் பேசாத மனுஷன். ஊரில் இருந்த நாட்களில் அவளைக் கூட்டிப்போக ஹோட்டலின் பின் கேட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். அங்கே நின்று அவனும் அந்தப் பிடிலைக் கேட்டிருக்கிறான். கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று. முதல் ஓலை வாசித்த வாரமே அவனைப் பூனாவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து எங்கே, எப்போது என்று யாருக்கும் சொல்லக்கூடாத காலம் அது.

அவன் பூனாவுக்குப் போன பிறகு ஒரு சனிக்கிழமை, பிடில் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தண்டு ஸ்டேஷன் மூடி விழுந்தது. கன்டோன்மென்ட் ஸ்டேஷனை நாங்கள் தண்டு ஸ்டேஷன் என்றுதான் சொல்வோம். பிடில் சாவியை மூட எனக்கு மனசு வரவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு அந்தச் சாவியையும் திறந்தேன். ஒரு ஆண் குரல் ஹோட்டல் நம்பரைக் கேட்டது. "எங்கேஜ்ட்" என்றேன். எங்கேஜ் ஆக்கியிருந்தது நான்தான். மறுபடி மூடி விழுந்தது. மறுபடியும் "எங்கேஜ்ட்". மூன்றாம் தடவை, "கொஞ்சம் பாருங்கம்மா, வண்டி எடுத்துருவாங்க" என்றது அந்தக் குரல். ஸ்டேஷனில் எல்லாருக்கும்தான் வண்டி எடுத்துவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு எரிச்சல். பிடில் அப்போதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையும் அதையே சொன்னேன்.

ஒரு பிளக்கை உருவ எவ்வளவு நேரம் ஆகும்?

பத்து நாள் கழித்து பிலோ ஒரு கார்டோடு ஆஸ்டின் டவுனுக்கு என் வீடு தேடி வந்தாள். வாசலில் நின்றே வாசித்தாள். சூசை எழுதியிருந்தான். வழியில் தண்டு ஸ்டேஷனில் வண்டி பத்து நிமிஷம் நின்றது, உனக்கு மூன்று தரம் போன் கேட்டேன், எங்கேஜ் என்றார்கள். பரவாயில்லை, அந்தம்மா பேசும்போது பின்னால் உன் பிடில்காரர் வாசிப்பது கேட்டது, உன் பக்கத்தில் நிற்கிறது போல் இருந்தது, மீதி இரண்டு ஓலையும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வாசித்து முடித்து என்னைப் பார்த்தாள். இரண்டு சாவியும் திறந்திருந்தால்தான் அது கேட்கும் என்று அவளுக்கும் தெரியும், அவளும் அதே தொழில். இன்னொன்றும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். அவன் பேசியது அவள் பிடித்திருந்த போனுக்கும் போயிருக்கிறது. அதை அவள் எனக்காக ஜன்னல் வழியே ஹாலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள். காதில் வைத்திருந்தால் கேட்டிருக்கும். கார்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை லைன் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

சூசை பர்மா பக்கம் போனவன் திரும்பவில்லை. தந்தி வந்த அன்று நான் நீலசந்திராவுக்கு ஓடினேன். வீடு நிறைய ஆள். பிலோ என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். என்னை என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கேட்டது இதுதான்.

"கடைசியா அவரு பேசிக் கேட்டவ நீதான். குரல் எப்படிடி இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அவன் சொன்ன வார்த்தைகள் தெரியும். குரல் தடிப்பா மெலிசா, பயந்திருந்ததா, அவசரம் மட்டும்தானா, ஒன்றும் தெரியவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது பிடிலை.

"நல்லாத்தான் இருந்துச்சு பிலோ. சிரிச்சுக்கிட்டே பேசினாரு" என்றேன்.

அவள் அதை நம்பினாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கவயலில் அக்கா வீட்டோடு போய் இருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் போகும்போது அக்கா பிள்ளைகளுக்கு அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சித்தப்பா போகும்போது சிரித்துக்கொண்டே பேசினார், இந்த அத்தை கேட்டார்கள், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்பாள். பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஆமாம் என்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆமாம் என்றேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளை அங்கேயே அடக்கம் செய்தோம். அவளிடம் சொல்லாததை உங்களிடம்தான் சொல்கிறேன்.

அந்த ஹோட்டலை இடித்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் இப்போது பெண்கள் இல்லை, பலகையும் இல்லை, யாரும் யாருக்கும் நம்பர் கேட்டுக் கொடுப்பதில்லை. கோவாக்காரர் எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் அந்த மெட்டு ஒரு இழை குறையாமல் என் இடது காதில் அப்படியே இருக்கிறது. பஸ்ஸில் அன்றைக்குத் தம்பி மகள் வைத்த பாட்டு என்னவென்றே எனக்குத் தெரியாது, நான் கேட்டது அந்த மெட்டைத்தான். நன்றாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். பிடில் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால் மூன்று தடவை ஒருவன் பேசுகிறான். அவன் குரல்தான் கேட்கவில்லை.