எழுதாமல் விட்ட எடை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் வேலை செய்த கடை, டொரொன்டோவில் மில்லிக்கன் பக்கம், ஸ்டீல்ஸ் வீதியை ஒட்டிய ஒரு பிளாசாவின் பின்புறத்தில் இருந்தது. கோடையில் புல்வெட்டும் இயந்திரங்கள் வரும், குளிர்காலத்தில் பனியின் மேல் ஓடும் ஸ்னோமொபைல்கள் வரும். முதலாளி வயதான வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். கிளட்ச் வேலைகளை அவர் என்னிடமே விட்டிருந்தார். என் கைத்திறன் அதற்குக் காரணமல்ல, நான் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன் என்பதுதான் காரணம். ஒவ்வொரு வண்டிக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். திகதி, வெளியே எத்தனை பாகை குளிர், ஓட்டுபவரின் எடை, பின்னால் இழுக்கும் பாரம், போட்ட ஸ்பிரிங், எந்தச் சுற்றில் பெல்ட் பிடிக்கிறது என்று கட்டம் போட்டு நிரப்புவேன். அந்தக் கொப்பிகள் ஆறும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்னோமொபைலில் கியர் மாற்றுவது என்று ஒன்று இல்லை. இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஓடும் ஒரு ரப்பர் பெல்ட்டும்தான். இயந்திரம் வேகமாகச் சுற்றும்போது முன்கப்பிக்குள் இருக்கும் மூன்று எஃகுத் துண்டுகள் வெளியே விரிந்து கப்பியின் இரண்டு பாதிகளையும் நெருக்கும். பெல்ட் பிடிபடும், வண்டி நகரும். அந்தத் துண்டுகளை வெயிட் என்போம். அவை விரியாமல் எதிர்த்து நிற்பது ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் கடினமானதென்றால் இயந்திரம் நன்றாக உறுமிய பிறகே பெல்ட் பிடிக்கும், வண்டி பாய்ந்து கிளம்பும். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாய்ச்சலைத்தான் கேட்டார்கள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வந்தவர் மட்டும் வேறொன்று கேட்டார். டிரெய்லரில் பழைய வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முகத்தைப் பார்த்தவுடன் நம்மவர் என்று தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

"அண்ணை தமிழோ? உங்களைக் கண்டது பெரிய நிம்மதி. இந்த வண்டி கிளம்பேக்கை குதிரை மாதிரிப் பாயுது. குலுக்காமல் எடுக்க ஏலுமோ?"

"எல்லாரும் பாய வேணும் எண்டுதான் வாறவை. நீர் ஒரு ஆள்தான் பாயக் கூடாது எண்டு வாறீர்" என்றேன்.

டொரொன்டோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஓர் ஏரி. அதன் நடுவே உள்ள தீவில், கோடையில் மட்டும் நடக்கும் ஒரு விடுதிக்கு அவர் குளிர்காலக் காவல்காரர். இருக்க வீடும் அந்த வேலையோடு சேர்ந்தே கிடைத்திருந்தது. ஏரி உறைந்த பிறகு கரைக்கு வர இந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. பின்னால் ஒரு சறுக்குப் பெட்டியைக் கட்டி இழுப்பதாகச் சொன்னார்.

நான் வழக்கப்படி ஊரில் எவ்விடம் என்று கேட்டேன். சொன்னார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். என் மைத்துனர் படித்த பள்ளிக்கூடம். அப்படியே கால் மணி நேரம் போயிற்று. அவருடைய எடை எழுபத்திரண்டு கிலோ என்று எழுதினேன். அடுத்த கட்டம் பாரம்.

"பெட்டியிலை என்ன ஏத்துறனீர்?"

அவர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "சாமான்தான் அண்ணை. கொஞ்சம் உடையிற சாமான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நம்மவர்களில் ஒருவர் ஒரு பேச்சிலிருந்து ஒதுங்கினால் பின்னால் போய்க் கேட்பது மரியாதையல்ல. ஊரையும் பள்ளிக்கூடத்தையும் துருவித் துருவிக் கேட்போம், வீட்டுக்குள் இருக்கும் துன்பத்தைக் கேட்கமாட்டோம். ஒரு வெள்ளைக்காரர் அப்படிச் சொல்லியிருந்தால் என்ன சாமான், எத்தனை கிலோ என்று விடாமல் கேட்டிருப்பேன். அவரிடம் கேட்கவில்லை. கட்டம் வெறுமையாக நின்றது.

அந்த வண்டி நிமிடத்துக்கு நாலாயிரத்து இருநூறு சுற்றில்தான் பெல்ட்டைப் பிடித்தது. நான் மென்மையான ஸ்பிரிங் போட்டு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இறக்கினேன். மூன்று வெயிட்டும் ஒரே எடையாக இல்லாவிட்டால் கிளட்ச் நடுங்கும். கடைத் தராசில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்துக்குப் பக்கத்தில் இருந்த தமிழ் நகைக்கடைக்கு அவற்றைக் கொண்டுபோய் நிறுப்பேன். அந்தத் தடவையும் போனேன்.

"இது எத்தனை கரட் அண்ணை? அக்காவுக்குத் தோடு செய்யவோ?" என்று நகைக்கடைக்காரர் கேட்டார். கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

ஒன்று கால் கிராம் கூடுதலாக இருந்தது. அதை அரத்தால் தேய்த்துச் சரியாக்கினேன். ஸ்டீல்ஸுக்கு வடக்கே அப்போது சோளம் அறுத்த வயல்கள்தான் கிடந்தன. முதலாளிக்குத் தெரிந்த ஒருவருடைய வயலில் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நான் அறுபத்தொரு கிலோ, பின்னால் ஒன்றும் இல்லை. மடியில் பால் குவளையை வைத்திருந்தாலும் சிந்தாது, அவ்வளவு மெதுவாகக் கிளம்பியது. 'நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

பதினெட்டு நாள் கழித்து அவர் தொலைபேசியில் வந்தார். குரல் மாறியிருந்தது.

"பெல்ட் எரிஞ்சு அறுந்து போச்சண்ணை. நடு ஏரியிலை. அவவை வைச்சுக்கொண்டு ஒண்டரை மணித்தியாலம் காத்துக்குள்ளை நிண்டனான்."

"ஆரை?"

"என்ரை மனிசியை."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். ஊரில் ஷெல் குண்டு விழுந்தபோது ஒரு துண்டு அவர் மனைவியின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. எடுக்கப் போனால் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். வலது கால் மெல்ல மெல்ல உணர்விழந்து வந்தது. கிழமைக்கு இரண்டு நாள் கரையிலுள்ள ஆஸ்பத்திரியில் பயிற்சியும் சிகிச்சையும். அதை விட்டால் கால் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் ஊசிபோல ஏறும். அன்று மீன் பிடிக்க வந்தவர்கள் இருவரையும் வண்டியோடு இழுத்துப்போய்த் தீவில் விட்டார்களாம். இப்போது மனைவி, இனி அந்தப் பெட்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

டொரொன்டோவுக்கு வந்துவிடலாமே என்றேன்.

"முதல் இஞ்சை ஒரு பேஸ்மென்டிலைதான் இருந்தனாங்கள். மேலை ஆக்கள் நடந்தால் அவ பங்கருக்குள்ளை பதுங்கி இருக்கிற மாதிரி நடுங்குவா. தீவிலைதான் அவ நித்திரை கொள்ளுறா."

தொலைபேசியை வைத்த பிறகு கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பாரத்தின் கட்டம் வெறுமை, கீழே என் கையெழுத்து அழகாக இருந்தது.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் முதலாளியின் வான் வண்டியில் ஸ்பிரிங்குகளையும் வெயிட்டுகளையும் இரண்டு புதிய பெல்ட்டுகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பல வருடமாக இந்த வேலையைச் செய்தும், உறைந்த ஏரியின் மேல் நான் ஒரு தடவையும் போனதில்லை. அன்று பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை. அவர் தேய்ந்த பழைய பெல்ட் ஒன்றைப் போட்டுக் கரைக்கு ஊர்ந்து வந்து காத்துநின்றார். புதிய பெல்ட் ஒன்றை மாட்டினோம். அவருக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு தீவுக்குப் போனேன்.

மனைவி ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். மெலிந்த பெண். கண்கள் மட்டும் கூர்மையாக இருந்தன.

"நீங்கள்தானோ குலுக்காமல் செய்து தந்த அண்ணை? குலுக்கேல்லைத்தான். நடு ஏரியிலை நிண்டால் எப்பிடிக் குலுக்கும்?"

"பிழை என்னிலைதான், தங்கச்சி" என்றேன். "பெட்டியிலை என்ன போகுது எண்டு நான் கேக்கேல்லை."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்னனீங்கள்?"

"சாமான் எண்டு" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"அரிசி மூட்டை எண்டெண்டாலும் சொல்லியிருக்கலாம். நிறுத்தாவது பாத்திருப்பார்." பிறகு என்னிடம், "நாப்பத்தெட்டுக் கிலோ அண்ணை. எழுதுங்கோ, எனக்கு வெக்கமில்லை" என்றார்.

குளிரில் பேனா எழுதாது என்பதால் பென்சில் கொண்டுபோயிருந்தேன். நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.

பிறகு, அந்தப் பெண் போகும் பெட்டியில் நானே ஏறிப் படுத்தேன். ஒட்டுப்பலகையால் செய்த பெட்டி, அடியில் பஞ்சு மெத்தை. அவருடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, கணவரிடம் வழக்கமாக எப்படி ஓட்டுவாரோ அப்படியே ஓட்டச் சொன்னேன். கிளம்பியது மென்மையாகத்தான். ஆனால் பெல்ட் வழுக்கும் நாற்றம் உடனே மூக்கில் ஏறியது. சற்றுத் தூரத்தில் ஓர் இழுப்பு. பிறகு இன்னொன்று. ஒவ்வோர் இழுப்புக்கும் கொப்பியில் ஒரு கோடு போடத் தொடங்கினேன். கரைக்குப் போய்ச் சேர ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் பத்தொன்பது கோடுகள்.

ஏழாவது கோட்டில் காரணத்தைக் கண்டேன். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். திரும்பும்போது பெருவிரல் கைப்பிடியில் உள்ள வேக விசையிலிருந்து தளர்கிறது, இயந்திரம் தணிகிறது, கிளட்ச் பெல்ட்டை விடுகிறது. முன்னால் திரும்பி மறுபடி அமுக்கும்போது புதிதாகப் பிடிக்கிறது. ஒவ்வொரு பிடிப்பிலும் பெட்டிக்கு ஓர் இழுப்பு, பெல்ட்டுக்கு ஒரு சூடு. என் மென்மையான ஸ்பிரிங்கோ அந்தப் பாரத்தோடு பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கவே இல்லை, ஒவ்வொரு தடவையும் அதை வழுக்கவிட்டுத் தேய்த்தது. பத்தொன்பது தடவை கிளம்பினால் எந்த பெல்ட்டும் எரியும்.

தீவுக்குத் திரும்பி, விடுதியின் படகுக் கொட்டிலில் கிளட்சைக் கழற்றினேன். தொடக்கத்தில் இளக்கமாகவும் போகப்போகக் கடினமாகவும் இருக்கும் வேறொரு ஸ்பிரிங் போட்டேன். இயந்திரத்தின் பலம் குறையாதிருக்க வெயிட்டை இரண்டு கிராம் குறைத்தேன். பெல்ட் வழுக்காமல் இருக்கப் பின்கப்பியின் ஸ்பிரிங்கை ஒரு துளை இறுக்கினேன். கப்பிகளில் படிந்திருந்த எரிந்த ரப்பரைத் துடைத்தெடுத்து இரண்டாவது புதிய பெல்ட்டை மாட்டினேன். பெல்ட் பிடிப்பது மூவாயிரத்து முந்நூறில் நின்றது. விரல்கள் விறைத்து இரண்டு தடவை வேலையை நிறுத்தவேண்டி வந்தது.

"கிளட்ச் சரி, தம்பி" என்றேன். "இனி நீர் திரும்பிப் பாக்கக் கூடாது."

"பாக்காமல் எப்பிடியண்ணை? அண்டைக்குக் காத்துக்கை அவ கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை."

எந்த ஸ்பிரிங்கும் அதற்கு உதவாது. நான் தலையைக் குனிந்து கருவிகளை அடுக்கினேன்.

வாசலில் நின்ற மனைவிதான் உள்ளே போய் உடுப்புக் கொடிக் கயிறு ஒரு சுருளை எடுத்துவந்தார். ஒரு நுனியைக் கணவரின் இடது முழங்கைக்கு மேலே கட்டினார். மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"கிணத்துக்குள்ளை இறங்கிறவை செய்யிறதுதான். இழுத்தால் நில்லுங்கோ. இழுக்காட்டி நான் சுகமாய் இருக்கிறன். திரும்பினால் முதுகிலை அடி விழும்."

"இவ்வளவு நாளும் இது தெரியாமல் போச்சே" என்றார் அவர்.

"இவ்வளவு நாளும் திரும்பிப் பாக்கிறது அன்பெண்டு நினைச்சன்" என்றார் அவர் மனைவி.

மனைவி பெட்டியில் ஏறுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. கோலை ஊன்றிப் பெட்டிவரை நடந்து வந்தார். பிறகு கோலை என் கையில் தந்தார். கணவர் தூக்கிப் படுக்கவைத்தார்.

நான் தீவின் கரையில் மணிக்கூட்டோடு நின்றேன். வண்டி உறுமாமல் கிளம்பியது. கயிறு இருவருக்கும் நடுவே தளர்ந்து தொங்கியது. கணவருடைய தலை திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது தோள்களில் தெரிந்தது. இரண்டு நிமிடம் ஒரே சீரான சத்தம். பிறகு வண்டி நின்றது.

பெல்ட் அறுந்த இடமும் ஏறக்குறைய அதுதான். மறுபடியும் என் பிழையால் அந்தப் பெண் பனியில் கிடக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய கோலைப் பிடித்தபடி பனிக்கட்டியின் மேல் நடக்கத் தொடங்கினேன். நாற்பது அடி போயிருப்பேன். இயந்திரம் மெல்ல ஏறும் சத்தம் கேட்டது. பாரத்தோடு, நின்ற இடத்திலிருந்து, பார்வைக்கு இழுப்பு இல்லாமல் வண்டி நகர்ந்தது. கரை சேரும்வரை சத்தம் குறையவே இல்லை.

அவர்கள் திரும்பி வந்ததும் முதலில் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்கக்கூடிய சூடுதான்.

"நடுவிலை ஏன் தங்கச்சி இழுத்தனீர்? நோவோ?"

"இல்லையண்ணை. இழுத்தால் நிப்பாட்டுவாரோ எண்டு பாத்தனான். நிண்டால் திரும்பக் கிளம்புமோ எண்டும் பாக்க வேணுமெல்லோ" என்றார். பிறகு, "ரெண்டு குலுக்கல். எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். பத்தொன்பது கோடுகளுக்குப் பக்கத்தில், அவர் சொன்னபடி இரண்டு கோடுகள் போட்டேன். கையெழுத்து வைக்கும் இடத்தை அவரிடம் நீட்டினேன். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கயிறு சுற்றிய விரல்களால் பென்சிலைப் பிடித்து, தன் பெயரைத் தமிழில் எழுதித் தந்தார்.