சிரிக்க முடியாதவருக்கு ஒரு சிரிப்புப் புத்தகம்

நகைச்சுவைப் புத்தகமாகச் சிபாரிசு செய்து இந்த முகநூல் பக்கத்தில் உங்கள் உயிரை எடுப்பவன் நான். இன்று நேரிலேயே ஒருவரிடம் ஆரம்பித்தேன்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம், பழைய புத்தகக் கடை. அச்சங்குளத்துக்காரர் ஒருவர் கடைக்காரரிடம் சிரிப்புப் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் விடுவேனா? நடுவில் புகுந்து தடிமனான நாவல் ஒன்றை நீட்டினேன்.

"இதப் படிங்கண்ணே. வயிறு வலிக்கச் சிரிப்பீக."

அவர் கை நீட்டவில்லை.

"எனக்கில்ல சார், எம் பொண்டாட்டிக்கு. பட்டாசுக் கம்பெனியில தீப்பிடிச்சு மொகமெல்லாம் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கா. நாந்தான் வாசிச்சுக் காட்டணும்."

"அப்ப இதுதாண்ணே சரி. மனசு லேசாகும்."

"ரொம்பச் சிரிச்சா தோலு இழுத்து ரத்தம் கசியுது சார். வார்டு டிவியில காமெடி ஓடுனா, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுதா. ஆனா அவளுக்குக் காமெடின்னா உசுரு. லேசாச் சிரிக்கிற மாதிரி எதும் இருக்கா?"

இத்தனை வருடம் படித்தும் எனக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை. நான் கொண்டாடியதெல்லாம் வெடிச்சிரிப்பு வகை.

கடைசியில் அவரே ஒரு பழைய வார இதழை எடுத்தார்.

"அதுல ஜோக்கெல்லாம் சுமாராத்தான் இருக்கும்" என்று எச்சரித்தார் கடைக்காரர்.

"அம்புட்டுப் போதும்ணே."

அதைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.

நாளைக்கும் அவர் வருவார் என்றார் கடைக்காரர். சுமாராக எழுதும் நகைச்சுவை எழுத்தாளர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். இதுவரை திட்டித்தான் பழக்கம், முதல்முறையாகத் தேடுகிறேன்.