வஹினியின் அலுமினியப் பாத்திரம்

என் மாமாவின் கல்யாணத்தைக் கெடுக்க நான் செய்த முயற்சி ஒன்றே ஒன்றுதான். அதுவும் நல்லெண்ணத்தில் செய்தது. அப்போது எனக்கு எட்டு வயது. புத்திக்கு அதைவிடக் குறைவு.

மராத்தி ஊரான கட்கியில் அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை. அம்மாவின் தம்பியான மாமாவும் அங்கேயே புதிதாகச் சேர்ந்து எங்களோடு தங்கியிருந்தார். கசார்வாடியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம், அவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க வருவதாக இருந்தது. ஷீரா, அதாவது ரவா கேசரி, கிளறுவதற்காக, நாங்கள் வஹினி (அண்ணி) என்று கூப்பிடும் மாடி வீட்டு மராத்திக்காரரிடம் பெரிய அலுமினியப் பாத்திரத்தை இரவல் வாங்கினாள் அம்மா. தேய்க்கும் பொறுப்பு என்னுடையது.

எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் பித்தளை. புளி போட்டுத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். அலுமினியம் புளிக்கு மசியவில்லை. மோரியில், அதாவது சமையலறை மூலையில் பாத்திரம் கழுவும் இடத்தில், அடைப்பெடுக்க அப்பா வாங்கி வைத்திருந்த காஸ்டிக் சோடா டப்பா கண்ணில் பட்டது. சாக்கடையையே சுத்தம் செய்கிற சரக்கு, ஒரு பாத்திரத்துக்குப் பயப்படுமா? தண்ணீர் விட்டு அதைப் போட்டேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு புஸ்ஸென்று நுரைத்து, அடுப்பே இல்லாமல் கொதித்து, தொண்டை கமறப் புகைந்தது. நான் கைதட்டிக்கொண்டு நின்றேன். ஓடி வந்த மாமா, ஸ்டவ் பற்றவைக்க வந்த அம்மாவின் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டு, என்னைத் தூக்கி வெளியே போட்டு, பாத்திரத்தைக் கழியால் முற்றத்துக்குத் தள்ளினார்.

சரியாக அப்போதுதான் பெண் வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள்.

பெண்ணின் அப்பா பட்டறைக்காரர். கருத்துப்போன பாத்திரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“அலுமினியத்துல யாருங்க காஸ்டிக் போட்டது? அதுல கிளம்புற காத்துக்கு ஒரு தீக்குச்சி போதும். ஒரு சொட்டு தெறிச்சா கண்ணே போயிடும். ஃபேக்டரிக்காரங்க வீட்லயே இப்படின்னா எப்படி?”

அம்மாவின் பார்வை என் பக்கம் திரும்புவதற்குள் மாமா முந்திக்கொண்டார். “நான்தாங்க. தெரியாம போட்டுட்டேன்.”

பெண்ணின் அம்மா தன் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வை, போய்விடலாம் என்றது.

“எவ்ளோ போட்டீங்க?” என்றார் பெண்ணின் அப்பா.

மாமா கூரையைப் பார்த்தார். “ஒரு... கைப்பிடி இருக்கும்.”

“கையாலயா அள்ளுனீங்க?”

அவர் மாமாவின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம்கூட இல்லை. பாவம், மாமா திணறுகிறாரே என்று நான் எடுத்துக்கொடுத்தேன்: “ரெண்டு கரண்டி மாமா.”

பெண்ணின் அப்பாதான் முதலில் சிரித்தார். “போய்க் கையை நல்லா கழுவு, தண்ணி ஊத்திக்கிட்டே இரு” என்று என்னை விரட்டிவிட்டு, மனைவியிடம் திரும்பி, “தேதி பாத்துடலாம்” என்றார்.

வஹினிக்குப் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தோம். அவர் எனக்கு ‘வேடி’ என்று பெயர் வைத்தார். மராத்தியில் கிறுக்கி.

அளவைச் சரியாகச் சொல்லி நான்தான் மாமாவின் கல்யாணத்தை முடித்துவைத்தேன் என்று பந்தலில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். மாமா மட்டும் மாலையும் கழுத்துமாகக் குனிந்து, “ஆமா கண்ணு, உன்னாலதான்” என்றார்.

அது உண்மை என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்த விதத்தில் உண்மை என்பதுதான் தெரியவில்லை.