நாம்பன் நடித்த படம்

எங்கள் வீட்டுக் காளைக்கன்று, நாம்பன், ஒரு படத்தில் நடித்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் முகம் கூசும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த என்னை, அக்கராயன் பக்கம் குடியேற்றக் காணி கிடைத்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். காட்டையும் வயலையும் கண்டு நான் அழவில்லை. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் அழுவாளா? ஆனால் என் தங்கச்சியின் கலியாணம் வந்த கிழமையிலேயே எங்கள் வயலில் கதிரடிக்கும் சூடு மிதிப்பும் வந்தது. வெட்டிய கதிர் களத்தில் குவிந்து கிடக்க, வானம் கறுத்துவிட்டது.

"இப்ப விட்டிட்டுப் போனா முழுக்க நனைஞ்சு போம். நீரும் நில்லும், ஆக்களுக்குச் சமைக்க ஒருத்தருமில்லை" என்றார் அவர்.

நின்றேன். நெல்லை மூட்டையாக்கி முடித்த கையோடு மழை கொட்டியது. அவர் சொன்னது சரியாய்ப் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தங்கச்சியின் கழுத்தில் தாலி ஏறிய நேரம் நான் களத்தோரம் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு அவருடன் கதைப்பதை விட்டேன்.

ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு எப்படிக் கதைக்காமல் இருப்பது? முற்றத்தில் கட்டியிருந்த நாம்பன்தான் கைகொடுத்தது. "நாம்பன், சோறு ஆறுதெண்டு சொல்லு" என்பேன். "எனக்குப் பசிக்கேல்லை எண்டு சொல்லடா" என்பார் அவர். கோபித்துக்கொண்ட புருஷனும் பெண்சாதியும் ஆட்டையும் மாட்டையும் பார்த்துக் கதைப்பது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. இரண்டொரு நாளில் முடிந்துவிடும். எங்களுடையது மாதக்கணக்காக இழுபட்டது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் குரலை இன்னும் குழைத்து, "நாம்பன், தேத்தண்ணி குடிக்க வரச்சொல்லு" என்பேன். கன்றைக் கொஞ்சுகிறேன் என்று வந்தவர்கள் நினைப்பார்களாம். அப்படியொரு கெட்டிக்காரி நான்.

அந்த நாளில்தான் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலர் இரவல் கமெராவோடு வந்து இறங்கினார்கள். கூட, அவர்களில் ஒருவனின் தமக்கை. அவள்தான் கதாநாயகி. "பாட்டில்லை, சண்டையில்லை அக்கா. புதுசாக் கலியாணம் கட்டினதுகள் படுற பாடுதான் படம்" என்றார்கள். எங்கள் முற்றமும் நாம்பனும் அவர்களுக்குப் பிடித்துப்போயின. கேட்டார்கள், பெருமையோடு கொடுத்தேன். அந்தப் பெண் குசினி வாசலில் இருந்து என்னோடு வெங்காயம் உரிப்பாள். அதிகம் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டேயிருப்பாள். நல்ல அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து, படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் பகல் காட்சியாக ஓடியது. அதற்கு முதல் நாளே, கன்றைப் பார்த்துக் கதைத்துக் கதைத்து அலுத்துப்போய், நான் என் றங்குப் பெட்டியை அடுக்கிவிட்டேன். "திங்கட்கிழமை பஸ்ஸிலை அம்மா வீட்டை போறன், இனி வரமாட்டன் எண்டு சொல்லு" என்று நாம்பனிடம் சொல்லியுமாயிற்று. போகமுன் எங்கள் கன்றைத் திரையில் பார்த்துவிட்டுப் போவோம் என்றுதான் ஊர்ச்சனத்தோடு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏறினேன்.

கொட்டகையில் பெண்கள் ஒரு பக்கம், அவரோடு ஆண்கள் எல்லாம் மற்றப் பக்கம். திரையில் அந்தப் பெண் சட்டியை டக்கென்று வைத்தாள். மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். நாம்பனைப் பார்த்து, "ஐயாவுக்கு உப்புக் காணுமோ, இன்னும் போடவோ எண்டு கேட்டுச் சொல்லு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. "இந்தச் சூர்ப்பனகையை எவன் வைச்சு மாரடிப்பான்!" என்று பக்கத்து வீட்டுக்காரியின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு தன் மடியைப் பார்த்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டார்கள். திரையில் அவள் மறுபடி மூக்கை உறிஞ்சினாள். அது என் உறிஞ்சல். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய விதமும் என்னுடையதுதான். எங்கள் கன்றுக் கதை ஊருக்கெல்லாம் முதலே தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்தி. நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

கடைசியில் படத்துப் பெண்சாதி பெட்டியோடு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். புருஷன் பழக்கதோஷத்தில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போடுகிறான். ஒன்றை நாம்பனுக்கு முன்னால் வைத்துவிட்டு, "உப்புக் காணுமோடா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் படம். "முடிவு எங்கையடா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கொட்டகை சிரித்தது. நான் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் உழவு மெசின் பெட்டிக்குள் இருந்தவர்கள் படத்தைப் பற்றி மூச்சு விடாமல், மிளகாய் காயப்போடுவதைப் பற்றியே கதைத்தார்கள். அந்த இரக்கம் இன்னும் சுட்டது.

வீட்டுக்கு வந்தபோது நாம்பன் தண்ணீருக்குக் கத்திக்கொண்டு நின்றது. அவர் அதன் முன்னால் போய் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். இனி அதைப் பார்த்துக் கதைக்க இரண்டு பேராலும் முடியாது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"நீர் சிரிச்சனீர். அங்காலை இருந்த எனக்குக் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்தாப்பிறகு நீர் அப்பிடிச் சிரிச்சு நான் கேக்கேல்லை. நாளைக்குப் போறதெண்டா போம். பஸ்ஸடிக்கு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாறன்."

ஊரே பார்க்க நடந்த அவமானத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டு வந்தது என் சிரிப்பை மட்டும்தான். ஏதாவது நல்லதாய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வாய்க்காரியின் வாயில் வந்தது இதுதான்:

"கண்டுக்குட்டி கத்துது. முதல்லை அதுக்குத் தண்ணி வையுங்கோ" என்றேன்.

அவர் வாளியோடு கிணற்றடிக்குப் போனார். அவர் வருமுன் கதவைச் சாத்திவிட்டு, பெட்டியிலிருந்த சேலைகளை அள்ளி அலுமாரிக்குள் திணித்தேன். அவர் கண்முன்னால் அதைச் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது.

விடிய, வெளுத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்க வந்தார். பாரமென்று நினைத்துக் குனிந்து இழுத்தவரின் கையோடு அது சும்மா மேலே வந்தது. ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். வெளியே வர எனக்கு முகமிருக்கவில்லை.