பெயர் எழுத முடியாத ஆயா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு இரும்பு ஆலையில் பல வருஷம் ஃபைனான்ஸ் பார்த்தேன். நான் சொன்ன ஜோக்குக்கு அங்கே ஒருவரும் சிரித்ததில்லை. அதை விட்டுவிட்டு, தொண்டு வேலை செய்கிறவர்களுக்கு நிதி கொடுக்கும் ஒரு அறக்கட்டளையில் சேர்ந்தேன். மறுநாளிலிருந்து நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இத்தனை திறமையை எங்கே ஒளித்து வைத்திருந்தேனோ தெரியவில்லை.

வேப்பம்பட்டு வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. "அவனவன் துட்டு சம்பாதிக்கப் போறான். நீங்க குடுக்கப் போறீங்க. அதுவும் அடுத்தவன் துட்ட. ரொம்ப நல்லா கீது," என்றாள் மனைவி. அன்றைக்கு என் சம்பளத்தோடு சேர்ந்து சாம்பாரில் உப்பும் குறைந்திருந்தது.

அறக்கட்டளைக்கு ஒரே கொள்கை. எதைக் கொடுத்தாலும் அதில் தன் பெயர் எழுத இடம் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பெஞ்சு, மின்விசிறி எல்லாவற்றுக்கும் தாராளம். ஆளுக்குச் சம்பளம் என்றால் கையை விரித்துவிடுவார்கள். மனிதர்கள் மேல் பெயின்ட் நிற்காது, பாவம்.

இந்தக் கொள்கையைச் சுமந்துகொண்டு நான் முதலில் போனது ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு. கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதை நடத்துகிற அம்மாளும் ஒரு காலத்தில் பேக்கிங்கில் நின்று வேலை பார்த்தவர்தான். வாசலில் குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. இரண்டிலும் வெவ்வேறு புண்ணியவான்களின் பெயர். ஒன்றில் பிள்ளைகளின் பைகளை மாட்டியிருந்தார்கள்.

"உங்களுக்கு ஒரு தண்ணி மெஷின் கொடுக்கலாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா சார், மூணாவதா?" என்றார். மரியாதைக்குக்கூடச் சிரிக்கவில்லை. "தண்ணி கீது சார். ஆளுதான் இல்ல. சாயந்திரம் பார்த்துக்கினு இருந்த ஆயா நின்னுட்டாங்க. வேற ஆயா வைக்க நம்மகிட்ட வழி இல்ல. ரெண்டாவது ஷிப்ட் உடறதே ராத்திரி பத்துக்கு. இந்த மாசத்தோட சாயந்திரம் மூடிடலாம்னு கீறேன். அப்புறம் அம்மாங்க எல்லாம் வேலைய உட்டுட்டு ஊட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

நான் கொள்கையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ ஆயா முதுகுல எழுதிக்கினு போங்க சார்."

திரும்பி வரும் வழியெல்லாம் எரிச்சல். அவர் மேல் இல்லை. நல்லது செய்யப் போகிறேன் என்று கிளம்பி வந்து, யாருக்கும் வேண்டாத மெஷினைத் தலையில் கட்டுவதா என் வேலை?

ஆனால் ஃபைனான்ஸ்காரனுக்கு ஒரு வித்தை தெரியும். எந்தச் செலவையும் சரியான தலைப்பில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். முதலாளி வீட்டு நாய்க்கு வாங்கிய பிஸ்கட்டை 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் போட்டவன் நான். ஆகவே எழுதினேன்: மெஷின் ஒன்று. அதற்கு ஆபரேட்டர் ஒருவர், மாதச் சம்பளத்துடன். ஆபரேட்டருக்குச் சீருடை, முதுகில் அறக்கட்டளையின் பெயருடன். அறக்கட்டளைக் கூட்டத்தில் ஒரே கேள்விதான் வந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும்?

மூன்றாவது மெஷின் வந்தது. மீஞ்சூரிலிருந்து ரயிலேறி ஒரு ஆபரேட்டரும் வந்தார். பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிட்டார்கள். காப்பகம் சாயந்திரமும் திறந்தே இருந்தது.

சில மாதம் கழித்து எங்கள் தலைவர் பார்வையிடக் கிளம்பினார். நான் கும்பிடாத சாமி இல்லை. நாங்கள் போனபோது ஆயா நீலக் கோட்டு போட்டு, ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மெஷின் எப்படிம்மா ஓடுது?" என்றார் தலைவர்.

ஆயா வாசலில் இருந்த மூன்றையும் பார்த்தார். "இதுல எது சார் நம்மளது?"

எனக்கு உயிரே போய்விட்டது. நடத்துகிற அம்மாள் ஆயாவின் தோளைப் பிடித்து அப்படியே திருப்பி நிறுத்தினார். முதுகு முழுக்க எங்கள் பெயர். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. முதுகைப் போட்டோ எடுத்துக்கொண்டார். மெஷின் பக்கம் திரும்பவே இல்லை.

"பிரமாதம். இங்கேயே இன்னொரு மெஷின் கொடுத்துடலாம்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நாலாவது மெஷின். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"காலைல ஆறு மணிக்கே புள்ளைங்கள கொண்டாந்து உட்றாங்க சார். ஆபரேட்டர மொதல்ல அனுப்புங்க. மெஷின் மெதுவா வரட்டும்."