பெயரைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது

கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில், எல்லாம் ஒழுங்காக ஓடினால் "நீங்க எதுக்கு?" என்பார்கள், நின்றுபோனால் "நீங்க எங்க?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் இனத்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்.

நான் பார்த்துக்கொள்வது கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்னும் ஊராட்சியில் உள்ள ஒரு மிளகு உலர்த்தும் கூடம். இங்கே வெயிலை நம்பி மிளகைக் களத்தில் பரப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எப்போது பனி இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே விவசாயிகள் சேர்ந்து மின் உலர்த்தி ஒன்று வாங்கினார்கள். அதன் சூட்டைக் கூட்டிக் குறைப்பது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். கூடத்தை நடத்துபவர் ராசாத்தி அக்கா. வீடு வீடாகப் போய்ப் பேசி மிளகை இங்கே கொண்டுவர வைத்தவர். ஒரு தடவை மிளகு கருகிவிட்டால் அடுத்த பருவத்தில் ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வரிசையாகப் பூஜ்யங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கெர்னலின் பட்டியலைத் திறந்தேன். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். மற்ற எந்த மென்பொருளும் அதனிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும். அதற்குள் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. நினைவகத்தில் அது குடியிருக்கும் முகவரியும் உண்டு. பட்டியலில் இரண்டும் வர வேண்டும். எனக்குப் பெயர்கள் மட்டும் வந்தன. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். திரையை உருட்ட உருட்டப் பூஜ்யங்கள். மெமரி போய்விட்டது என்றே முடிவுகட்டி, யாரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது, நான் சாதாரணப் பயனராக நுழைந்திருக்கிறேன் என்று. நிர்வாகியாக நுழைந்து கேட்டதும் அத்தனை எண்களும் வந்தன. பெயரை எல்லோருக்கும் சொல்கிறது. இடத்தை ஆள் பார்த்துத்தான் சொல்கிறது. உள்ளே புகுந்த திருடன் கெர்னலை வளைக்க வேண்டுமென்றால் எங்கே கைவைப்பது என்று அவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக இந்த ஏற்பாடு. எங்கோ முகம் தெரியாத யாரோ இதையெல்லாம் யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லி வியந்துகொண்டிருந்தேன். பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராசாத்தி அக்காவுக்கு ஆச்சரியமே இல்லை. "இதென்னங்க கண்ணு பெரிய விசயம்? என்ற ஊட்டுக்காரரு தேன் எடுக்கிற பாறைக்கெல்லாம் பேரு சொல்லுவாரு. எங்க இருக்குதுன்னு எங்கிட்டயே இன்னி வரைக்கும் சொன்னதில்லீங்க."

கரண்ட் போய் வந்த பிறகு

மலையில் காற்று அடித்தால் கரண்ட் போகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப் போய், பேட்டரியும் தீர்ந்து, கம்ப்யூட்டர் மறுபடி எழுந்த ஒரு காலையில் அதே பட்டியலை நிர்வாகியாகப் பார்த்தேன். பெயர்கள் அப்படியே இருந்தன. முகவரிகள் மொத்தமும் மாறியிருந்தன. ஒவ்வொரு முறை எழும்போதும் கெர்னல் தனக்குப் புது இடம் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துகொள்ளும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவர் உலர்த்தியில் தட்டு அடுக்கும் சின்னச்சாமி அண்ணன் மட்டும்தான். பொறுமையாகக் கேட்டார். "தெனமும் ஊடு மாத்தறதும் மாத்திப்போட்டு, போன எடத்தையும் சொல்லாதுங்களா? கடன்காரனுக்குப் பயந்தவன்கூட இத்தனை பண்ண மாட்டானுங்க."

ஒரே ஒரு வரி

உலர்த்தியின் மென்பொருளை எழுதியவர் முரளி, நாமக்கல்காரர். மென்பொருள் எங்கே தாமதமாகிறது என்று அளந்து பார்க்க ஒருநாள் மேலே வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் அவரை என்ன பாடுபடுத்தின என்பதை அவர் முகமே சொன்னது. ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, அந்த முகவரி மறைப்பை எடுத்துவிடச் சொன்னார். அவருடைய அளவைக் கருவிக்குக் கெர்னலின் முகவரிகள் வேண்டும். அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். பிறகு அப்படியே விட்டுவிடலாம், அவர் கீழே இருந்தபடியே பார்த்துக்கொள்வார்.

மாட்டேன் என்றேன். வேண்டுமானால் நானே நிர்வாகியாக உட்கார்ந்து கருவியை ஓட்டி, விடையை அவர் கையில் கொடுக்கிறேன் என்றேன். அப்படித்தான் செய்தோம். ஆனால் மனிதருக்கு மனசு ஆறவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். "ஏனுங்க மேடம், பஸ்ஸே பாதி நாளு வர மாட்டேங்குது, இந்த மலைக்கு எவனுங்க திருட வரப்போறான்?"

மிளகு உள்ளே இருந்தபோது

வந்தான். அறுவடை முழு மூச்சில் நடந்துகொண்டிருந்த நேரம். மலையில் பாதிப் பேருடைய மிளகு உலர்த்திக்குள். பட்டப்பகலில் என் கைப்பேசி எச்சரிக்கை அடித்தது. திறந்து பார்த்தால் முரளியின் கணக்கில் யாரோ நுழைந்திருக்கிறார்கள். போனில் கேட்டேன், அவர் நாமக்கல்லில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வேறெங்கோ பயன்படுத்திய அதே கடவுச்சொல் களவுபோய், யார் கையிலோ சிக்கியிருக்கிறது. நுழைந்தவனுக்குக் கொல்லிமலையும் தெரியாது, மிளகும் தெரியாது. அவனுக்கு வேண்டியது கம்ப்யூட்டர். ஆனால் கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போனால் உலர்த்தியின் சூடும் அவன் கைக்குப் போகும்.

கணக்கைப் பூட்டிவிட்டு, அவன் என்னென்ன செய்தான் என்று பதிவுகளில் பார்த்தேன். கெர்னலில் நான் இன்னும் அடைக்காத ஓட்டை ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பட்டியலைத் திறந்திருக்கிறான்: பூஜ்யம். மறுபடி திறந்திருக்கிறான்: பூஜ்யம். கெர்னல் எழும்போது விட்ட செய்திகளில் முகவரி ஏதாவது கிடைக்குமா என்று துழாவியிருக்கிறான். அங்கேயும் அனுமதி இல்லை. கடைசியில் குருட்டாம்போக்கில் ஓர் இடத்தை அடித்திருக்கிறான். அது தப்பான இடம். கெர்னல் அவனுடைய நிரலை அந்த நொடியே கொன்றுவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. உலர்த்தியின் சூடு இம்மி பிசகவில்லை. மறைத்து வைப்பது ஓட்டையை அடைக்காது, நமக்கு நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஓட்டையை அடைத்தேன். ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பெட்டியின் முன்னால் கைகூப்பி நிற்கலாம் போல எனக்கு இருந்தது. ஒரு பூட்டை உடைத்து உள்ளே வந்துவிட்டவன் முன்னாலும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறதே.

ராசாத்தி அக்கா அதுவரை உலர்த்தியின் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கதவைத் திறந்து, ஒரு கை மிளகை அள்ளி முகர்ந்து பார்த்தார், கண் கலங்கியிருந்தது. "பாறை எங்கன்னு தெரியாம அலைஞ்சுட்டுப் போயிட்டானுங்களா? போகட்டும் சாமி, வாங்க, தட்டு மாத்தோணும்."

இத்தனை வருடத் தொழிலில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஏதாவது உண்டென்றால், அது ஒரு திருடனுக்குக் கிடைத்த பூஜ்யங்கள்தான்.