கிராணி வீட்டு மேடு

சங்கடப்படுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஈப்போவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் இன்னும் வெள்ளைக்காரன் வாடை அடிக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தபோது முதல் ஆளாகக் கை தூக்கி, ஒரு புதுப் பாடத்தை எழுதிக் கொடுத்தேன். அதன் முதல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பேச்சுதான். வெட்கம் வரலாம், கோபம் வரலாம், குற்ற உணர்ச்சி வரலாம், எது வந்தாலும் பூசி மெழுகாதீர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள், பாடம் அங்கேதான் இருக்கிறது என்பேன். நன்றாகவே பேசுவேன். அதைக் கேட்டு அழுத பிள்ளைகள் உண்டு. நான் அழுததில்லை.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. கைப்பேசியிலேயே வருகையைப் பதிந்துகொள்ளும் காலத்திலும் நான் பெயர் கூப்பிடுவேன். முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்வதுதான் மரியாதை என்று ஒரு நினைப்பு. சக ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தப் பழக்கம் யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று வகுப்பில் சொல்லுவேன். பொய் இல்லை. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து ஏழு வயதுவரை வளர்ந்தேன். அப்பா பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர் என்று பிள்ளைகள் தாமாகவே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தமாட்டேன். அப்பா கிராணி. தோட்டத்து அலுவலகத்தில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடும் பெரட்டில், பேரேட்டைக் கையில் வைத்திருந்தவர். அவர் கூப்பிட்ட பெயருக்கு அன்று வேலை உண்டு. கூப்பிடாத பெயருக்கு இல்லை. முக ஜாடையில் நான் அவரை உரித்து வைத்திருக்கிறேன் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அகன்ற நெற்றி, கூடிய புருவம், எல்லாம் அவருடையவை.

வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு மேடு. அந்த வழியாகச் சைக்கிளில் வரும் தொழிலாளர்கள் எங்கள் வேலி தொடங்கும் இடத்தில் இறங்கி, வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறிக்கொள்வார்கள். சன்னல் வழியாகத் தினமும் பார்ப்பேன். பாவமாக இருக்கும். ஏன் இறங்குகிறார்கள் என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். மேடும்மா, மிதிக்க முடியாது என்றார். உழைப்பின் களைப்பைச் சொல்ல அந்தக் காட்சியை நான் பயன்படுத்துவேன். வெள்ளைக்காரத் துரைகள் போன பிறகும் முதுகு ஒடிய உழைத்த மக்கள் என்று குரலைத் தாழ்த்தி முடிப்பேன்.

சென்ற ஆண்டு அதைச் சொல்லி முடித்தபோது சன்னலோரம் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள். சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவள். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய அம்மாவும் ஏதோ தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கோயிலுக்கு எதிரே, இரண்டு தண்ணீர்த் தொட்டி வைத்த வீடா என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன், ஊர்க்காரியைக் கண்ட சந்தோஷத்தில். அது கிராணி வீடு என்றாள்.

வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் நிறுத்தவில்லை. கிராணி வீட்டைத் தாண்டும்போது யாரும் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது, இறங்கித்தான் தள்ள வேண்டும், அது வழக்கம் என்றாள். அவளுடைய அம்மா பதினாறு வயதில் ஒருநாள், தம்பிக்குக் காய்ச்சல் மருந்து வாங்கிக்கொண்டு வந்த அவசரத்தில் இறங்காமல் போய்விட்டார். மறுநாள் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒன்பது நாள் பால் வாளியோடு வரிசையில் நின்று திரும்பினார். பத்தாம் நாள் பெயர் வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இதையெல்லாம் மலாயில் சொன்னவள், கடைசியாக என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அங்க மேடே இல்ல மேடம். ரோடு தட்டையாத்தான் இருக்கு."

கோபம் எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல். அது வந்தபோது வெட்கம் எங்கே முடிந்தது, கோபம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்ட கதை வேறு, வரலாறு வேறு, இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டாம் வாரத்தில்தான் இதே வகுப்பில், ஏழைகளின் வாய்மொழியை ஆதாரம் இல்லை என்று ஒதுக்கியது காலனி அரசின் தந்திரம் என்று ஒரு மணி நேரம் முழங்கியிருந்தேன். முன் வரிசையிலிருந்த சீனப் பையன், அவள் தமிழில் என்ன சொன்னாள் என்று கேட்டான். இப்போது அந்தச் சாலையைச் சமப்படுத்திவிட்டார்களாம் என்று மலாயில் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அவளுக்கும் மலாய் தெரியும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்துவேன். பதில் வராது. அடுத்த பெயருக்குப் போவேன்.

அந்த வாரச் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ரப்பர் ஒன்றுகூட இல்லை, முழுக்கச் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களின் இடத்தில் லாலாங் புல் மண்டிக் கிடந்தது. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது, வெளியூரில் இருப்பவர்கள் திருவிழாவுக்கு வருவார்கள் போல. எதிரே எங்கள் வீட்டின் படிகளும், துருப்பிடித்த இரண்டு தொட்டிகளும் மிஞ்சியிருந்தன.

சாலை பழைய செம்மண் சாலைதான். யாரும் சமப்படுத்தவில்லை. வேலி தொடங்கிய இடத்தில் காரை நிறுத்தி, கியரை விடுவித்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் நகரவில்லை. திருப்பி எதிர்ப்பக்கம் நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் நகரவில்லை. படித்தவள், பேராசிரியை, ஒரு சாலை தட்டையா மேடா என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வந்து இந்தக் கூத்து அடிக்கிறேன். ஒரு பெண் சொன்னதை நம்பியிருந்தால் போதும். ஏழு வயதில் பட்டணத்துப் பள்ளிக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நான், அந்தச் சாலையில் ஒருநாளும் சைக்கிள் ஓட்டியதில்லை. அப்பா இறந்து எட்டு ஆண்டாகிறது. மேடும்மா என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. அவருக்கும் வெட்கம் இருந்திருக்கிறது. வெட்கம் இருந்தும் அந்த ஒன்பது நாளும் பேரேட்டைப் பார்த்துத்தான் பெயரை விட்டிருக்கிறார்.

அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கிராணி, மேடு இல்லை, நான் தவறாக மொழிபெயர்த்தேன், எல்லாம். குரல் நடுங்கியது, நடிப்பில்லை. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் ஒரு மலாய்ப் பெண் வந்து என் கையைப் பிடித்து, இதுவரை எந்த ஆசிரியரும் இப்படிப் பேசியதில்லை என்றாள். சக ஆசிரியர் ஒருவர் கேள்விப்பட்டு, இதை ஒரு கட்டுரையாக எழுத வேண்டும் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் மனசு லேசாகிவிட்டது. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வருகை குறைந்தவர்களின் பட்டியல். எல்லை தாண்டியதும் ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் அந்த மாணவர் தேர்வு எழுத முடியாது. அதில் ஒரே ஒரு பெயர், அவளுடையது. இன்னும் ஒரு வகுப்பு தவறினால் எல்லை தாண்டிவிடும். தேர்வு எழுதாவிட்டால் அந்தப் பருவமே போய்விடும், அவளுடைய படிப்பே நின்றாலும் நிற்கலாம். தாளைப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் முகவரியைத் தேடிப் போனேன். வருவதை முன்பே குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தேன். சரி என்று மட்டும் பதில் வந்தது.

சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடு. வாசலில் துணி காய வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. வெயிலில் வாசல் கேட்டருகே நின்று பேசினோம். நான் வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

"கேள்விப்பட்டேன் மேடம். எல்லாரும் பாராட்டுனாங்களாம்லா." துணியை உதறினாள். "அந்த ஒம்போது நாள சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அப்பாவைச் சொன்னேன், மேட்டைச் சொன்னேன், என் வெட்கத்தைச் சொன்னேன். ஒன்பது நாள் வாளியோடு நின்ற பெண்ணை விட்டுவிட்டேன். அது உன்னுடைய கதை, நான் சொல்லக் கூடாது என்று நினைத்தேன் என்று ஏதோ சப்பைக்கட்டுக் கட்டினேன். அவள் அடுத்த துணியைக் கொடியில் போட்டாள். மேடம் ஒருத்தர் வருகிறார் என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், யாருடைய மகள் என்று சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள் என்றாள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து வரும் நேரம், அதற்குள் கிளம்பிவிட்டால் நல்லது என்றும் சொன்னாள்.

கிளம்பத்தான் திரும்பினேன். அதற்குள் சாலை முனையில் ஒரு பழைய கெப்சாய் மோட்டார் சைக்கிள் திரும்பியது. ஹெல்மெட் போட்ட, அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவான அம்மா. நல்ல வேகத்தில்தான் வந்தார். நான்கு வீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது என்னைப் பார்த்தார். மோட்டார் மெதுவானது. இஞ்சின் நின்றது. இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.

"ஏறி வாம்மா" என்றாள் மகள். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. தலையைக் குனிந்தபடி தள்ளிக்கொண்டே வந்தார். சாலை தட்டையாகத்தான் இருந்தது.

"ஆதாரம் கேட்டீங்கல்ல மேடம்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

ஓடிப்போய் வண்டியைப் பிடித்தேன். வேணாம்மா, கை அழுக்காயிடும் என்று அவர் தடுத்தார். என் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"கிராணி ஐயா மகதானே? நெத்திய பாத்ததுமே தெரிஞ்சிருச்சு." மகளைத் திரும்பிப் பார்த்து, அவர்களை வெயிலில் நிற்க வைத்திருக்கிறாயே என்று கடிந்துகொண்டார். ஐயா நல்லா இருக்காங்களா என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். அடடா என்று நெஞ்சில் கை வைத்தார். அந்தத் துக்கத்தில் பொய் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே நாற்காலியில் என்னை உட்கார வைத்து, மைலோ கலக்கி வந்து கொடுத்தார். உட்காரச் சொல்லி மூன்று முறை கேட்டுக்கொண்டேன். இருக்கட்டும்மா என்று சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். என்ன விஷயமாக வந்தேன் என்று கேட்டார். மகள் அறைக்குள் போய்விட்டாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் மகள் மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை, அதற்குக் காரணம் நான் என்று தொடங்கினேன். முதல் பாதியைக் கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. இரண்டாம் பாதியை அவர் கேட்கவே இல்லை. மேசைமேல் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டார்.

"சின்னப் புள்ளம்மா, ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மன்னிச்சிருங்க. நாளைக்கே அனுப்பி வைக்கிறேன். பேர மட்டும் வெட்டிறாதீங்க."

வெட்டமாட்டேன் என்றேன். தப்பு அவள்மேல் இல்லை, என்மேல்தான் என்றும் சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சரிம்மா, சரிம்மா என்றார். அவர் அதை என் பெருந்தன்மையாகத்தான் எடுத்துக்கொண்டார். அறைக் கதவு சாத்தியே கிடந்தது.

திங்கட்கிழமை அவள் வந்தாள். சன்னலோரத்தை விட்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். அம்மா அப்படித்தான் உட்காரச் சொல்லியிருப்பார். கையில் பட்டியலோடு நின்றேன். அன்று பெயர் கூப்பிட வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அவள் வந்திருக்கும் நாளில் அவள் பெயரைக் கூப்பிடாமல் விடுவதா என்று தோன்றியது. இரண்டுமே என் வீட்டு வழக்கமாகத்தான் இருந்தன. கூப்பிட்டேன்.

எங்கள் வகுப்பில் யாரும் எழுந்து நிற்பதில்லை. அவள் எழுந்தாள். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தமிழில், இருக்கேன் என்றாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.